எந்தப் பிள்ளைக்கு எந்த நாவல்

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிக்கத் தொடங்கி 22 ஆண்டுகள் ஆகின்றன. இத்தனை ஆண்டுகளில் என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இலக்கணத்தைப் பற்றியதன்று. ஜூன் மாதம் வகுப்பு தொடங்கி இரண்டு வாரம் ஆனதும், ஆலங்குளத்திலிருந்தோ, கடையத்திலிருந்தோ, உவரியிலிருந்தோ வந்து சேர்ந்த, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்த ஒரு பிள்ளை, எல்லோரும் வெளியே போகும்வரை காத்திருந்து, மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மேடம், இங்கிலீஷ் நல்லா வரணும்னா என்ன புக்கு மேடம் படிக்கணும்?" என்று தாழ்ந்த குரலில் கேட்கும். அந்தக் கேள்விக்கு அவசரமாக விடை சொல்லக்கூடாது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

நம் ஊரில் இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. ஆங்கில நாளிதழை வாசி என்பார்கள்; அல்லது, முப்பது நாளில் ஆங்கிலம் என்ற வகைப் புத்தகம் ஒன்றை வாங்கு என்பார்கள். நாளிதழ், நேற்றுவரை நடந்ததைத் தெரிந்தவர்களுக்காக எழுதப்படுவது; முந்தைய செய்தி தெரியாத பிள்ளைக்கு அதன் தலைப்பே புரியாது. முப்பது நாள் புத்தகம் வாக்கியங்களைத் தரும். அவற்றை யாரிடம், எதற்காகச் சொல்வது என்பதைத் தராது. நான் சொல்லும் விடை, இரண்டு வாரத்தில் முடித்துவிடக்கூடிய ஒரு சிறிய நாவல். முடித்துவிடுவது என்பதை அழுத்திச் சொல்கிறேன். எங்களிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கிலப் பாடம் படித்திருந்தும், அந்த மொழியில் எழுதப்பட்ட ஒரு புத்தகத்தைக்கூட முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தவர்களல்லர். பத்தி, செய்யுள், வினா, விடை என்று துண்டு துண்டாகவே ஆங்கிலத்தைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு புத்தகத்தை முழுதாக முடித்துவிட்டு வந்த அன்று அதே பிள்ளை பெஞ்சில் உட்காரும் விதமே வேறாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் எந்தச் சிறிய நாவல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என் கல்லூரி முதலாண்டில், தொண்ணூறுகளின் நடுவில், ஆசிரியர் ஒருவர் என் ஆர்வத்தைக் கண்டு, தம் அலமாரியிலிருந்து ஜோசப் கான்ராடின் 'ஹார்ட் ஆஃப் டார்க்னெஸ்' நாவலை எடுத்துக் கொடுத்தார். "நூறு பக்கந்தானே, ஒரு வாரத்துல முடிச்சுரலாம்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார். தெரியாத சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழ்ப் பொருள் எழுதிக்கொண்டே போனேன். பன்னிரண்டாம் பக்கத்துக்கு வந்தபோது அச்சைவிடப் பென்சில் எழுத்து அதிகமாக இருந்தது. அங்கேயே நிறுத்திவிட்டேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது வாசித்துவிட்டதாகப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யைவிட, நாவல் என்பது ஆங்கிலவழியில் படித்தவர்களுக்கானது என்று அதன்பின் மூன்று ஆண்டுகள் நம்பியிருந்ததுதான் எனக்கு நேர்ந்த உண்மையான நட்டம். தேர்வுகளை நோட்ஸை வைத்தே எழுதித் தேறினேன்.

பிற்பாடு அதே நாவலை முழுதாக வாசித்தபோதுதான் காரணம் விளங்கியது. தேம்ஸ் ஆற்றில் நங்கூரமிட்ட படகில் ஒருவர் கதை சொல்ல, அதைக் கேட்ட இன்னொருவர் நமக்குச் சொல்வதாக அமைந்தது அது, கதைக்குள் கதை. ஒரு வாக்கியம் மூன்று, நான்கு வரிக்கு நீளும். சொல்லப்படுவதை விடச் சொல்லாமல் விடப்படுவது அதிகம். போலந்துக்காரரான கான்ராடுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி; இருபது வயதை ஒட்டித்தான் அதைக் கற்கத் தொடங்கினார் என்பதைப் பிள்ளைகளிடம் நான் இப்போதும் சொல்வதுண்டு, அது அவர்களுக்குத் தெம்பு தரும் செய்தி. ஆனால் அவருடைய நாவலை முதல் புத்தகமாக ஒருவருக்கும் கொடுப்பதில்லை. பக்கம் குறைவாக இருப்பதும் எளிதாக இருப்பதும் வெவ்வேறு.

வாசிப்பைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷனும் அவரோடு பணியாற்றியவர்களும் ஒரு கணக்கைத் தந்திருக்கிறார்கள். யார் துணையுமின்றி ஒரு கதையைச் சுகமாக வாசிக்க, அதிலுள்ள 100 சொற்களில் 98 தெரிந்திருக்க வேண்டும் என்பது அது. ஒரு பக்கத்துக்கு 250 சொற்கள் என்று வைத்துக்கொண்டால், தெரியாத சொல் ஐந்துக்குமேல் போகக்கூடாது. பள்ளிக்கூடங்களில் ஐந்து விரல் கணக்கு என்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான்: ஒரு பக்கத்தைத் திறந்து வாசி, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலை மடக்கு, பக்கம் முடியுமுன் ஐந்தும் மடங்கிவிட்டால் வேறு புத்தகம் எடு. மொழி கற்பவர்களுக்காகத் திருத்தி எழுதப்படாத ஆங்கில நாவலை இந்த அளவில் வாசிக்க 8000 முதல் 9000 சொற்குடும்பங்கள் (ஒரே அடிச்சொல்லிலிருந்து கிளைக்கும் சொற்களெல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம்) தெரிய வேண்டும் என்றும் நேஷன் கணக்கிட்டார். அந்த எண்ணைக் கேட்டால் தமிழ்வழிப் பிள்ளை புத்தகத்தைத் தொடவே தொடாது.

இந்த இடைவெளியைக் கடக்கச் சொற்களை மனப்பாடம் செய்வது வழியன்று. தமிழில் நாம் அப்படிக் கற்கவில்லை. ஊகித்து ஊகித்துத்தான் கற்றோம். தெரியாத சொல்லை ஊகிக்க, அந்தச் சொல் குறிக்கும் பொருள் நமக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். எனவே, புத்தகத்தின் ஆங்கிலம் பிள்ளையைவிட ஓரடி முன்னால் இருக்கலாம். புத்தகத்தின் உலகம் பிள்ளைக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவன் ஒரு மாணவன்.

ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன், சனிக்கிழமைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஹெமிங்வேயின் 'தி ஓல்ட் மேன் அண்ட் த சீ' நாவலை வாசித்துக்கொண்டிருந்தேன். கிழவர் சாந்தியாகோ 84 நாட்கள் மீன் ஏதும் கிடைக்காமல், 85ஆம் நாள் தனியாக நெடுங்கடலுக்குப் போய், தம் படகைவிட நீளமான ஒரு மீனைத் தூண்டிலில் மாட்டிவிடுகிறார். மீன் படகையே இழுத்துக்கொண்டு போகிறது. கயிற்றை முதுகுக்குக் குறுக்கே போட்டுக் கைகளில் பிடித்திருக்கும் கிழவர், 'லைன்' என்பதையும் 'ஃபாஸ்ட்' என்பதையும் சேர்த்து ஒரு வாக்கியம் நினைக்கிறார். ஃபாஸ்ட் என்றால் வேகம் என்பதுதான் வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். கயிற்றை வேகமாக என்ன செய்வது? ஒரு பெண், வேகமாக இழுப்பது என்றாள். இன்னொருவன், வேகமாக விடுவது என்றான். விடையை நான் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தபோது, இடிந்தகரைக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரிலிருந்து வரும் மாணவன், அதுவரை அந்த வகுப்பில் தானாக ஒரு வார்த்தையும் பேசியிராதவன், எழுந்து நின்றான்.

"மேடம், அது வேகம்னு வராது. கயித்தைப் படகுல கட்டிப்போட்டுரலாமான்னு நெனைக்காரு. கட்டுனா மீனு ஒரே இழுப்புல அறுத்துட்டுப் போயிரும். அதான் கட்டாம, கையிலயே வச்சு விட்டு விட்டுப் பிடிக்காரு."

அடுத்த வாக்கியத்தை வாசித்தேன். கிழவர் அதையேதான் சொல்கிறார்: கட்டினால் அது அறுத்துவிடும், தாங்கும்வரை பிடிக்க வேண்டும், அது கேட்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டும். அசையாமல் இறுக்கிக் கட்டிவைப்பதற்கு ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' என்ற சொல் உண்டு என்பதை எந்த அகராதியிலும் அவன் பார்த்ததில்லை, கடலில் பார்த்திருந்தான். பிறகு வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினான். சுண்டுவிரலின் அடியிலிருந்து மணிக்கட்டை நோக்கி ஒரு வெள்ளைத் தழும்பு கோடாக ஓடியது. பத்தாம் வகுப்பு விடுமுறையில் அப்பாவோடு கடலுக்குப் போனபோது தூண்டில் கயிறு அறுத்தது என்றான். கிழவரின் கையைக் கயிறு அறுக்கும் பக்கத்தை அன்று அவனையே வாசிக்கச் சொன்னேன். உச்சரிப்பு தடுமாறியது. பொருள் ஓரிடத்திலும் தடுமாறவில்லை.

அன்றுமுதல் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இந்த நாவலைத்தான் முதலில் கொடுக்கிறேன். ஏறக்குறைய 27,000 சொற்கள். நாளைக்குப் பத்துப் பக்கம் என்றால் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். 1952இல் வெளிவந்து, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அத்தியாயப் பிரிவே இல்லை என்பது ஒரு சங்கடம். எங்கே நிறுத்துவது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. எனவே புத்தகத்தில் நானே பென்சிலால் எட்டுக் கோடுகள் போட்டுக் கொடுப்பேன். பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றியும் டிமாஜியோ என்ற ஆட்டக்காரரைப் பற்றியும் கிழவர் நினைக்கும் பகுதிகள் நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது. கிரிக்கெட் என்று வைத்து வாசித்துத் தாண்டுங்கள் என்று சொல்லிவிடுகிறேன். மற்றபடி, படகின் முன்பகுதியான அணியம், பாய், இரை மீன், சுறா எல்லாம் அவர்கள் அறிந்தவை. கிழவரின் பாய் மாவுச் சாக்கால் ஒட்டுப்போடப்பட்டிருக்கிறது என்று முதல் பக்கத்தில் வருகிறது. அந்த ஒரு விவரம் போதும், கியூபாக் கரைக்கும் உவரிக் கரைக்கும் இடையில் தூரம் குறைந்துவிடும்.

இதோடு சேர்த்து, முடிந்தால் இதற்கு முன்பே, வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்' நாவலை வாசிக்கச் சொல்வேன். மணப்பாட்டைக் களமாகக் கொண்டது, அதுவும் சிறியது, நாட்டுப் படகான வல்லத்துக்கும் விசைப்படகான லாஞ்சுக்கும் நடுவில் ஒரு கடற்கரை ஊர் படும் பாட்டைச் சொல்வது. ஆங்கிலம் படிக்க வந்த பிள்ளைக்கு எதற்குத் தமிழ் நாவல் என்று சக ஆசிரியர்கள் கேட்டிருக்கிறார்கள். ஒரு நாவலை எப்படி வாசிப்பது என்பதைப் பிள்ளை தன் மொழியில் ஒருமுறை பழகிவிட்டால், ஆங்கிலத்தில் மொழியோடு மட்டும் மல்லுக்கட்டினால் போதும். இரண்டையும் ஒரே நேரத்தில் கற்கச் சொல்வதுதான் கொடுமை.

தூத்துக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னொன்று இருக்கிறது: ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி பேர்ல்', 1947இல் வந்தது, ஆறே அத்தியாயம். மெக்சிகோவின் லா பாஸ் கரையில் முத்துக்குளிக்கும் கினோ, அவன் மனைவி, அவர்களுடைய குழந்தை. தொட்டிலில் கிடக்கும் குழந்தையைத் தேள் கொட்டுகிறது. காசில்லாத வீடு என்பதால் மருத்துவர் பார்க்க மறுக்கிறார். அன்றே கினோவுக்குப் பெரிய முத்து ஒன்று கிடைக்கிறது. கினோவிடம் இரண்டு கயிறுகள் இருக்கும். ஒன்றில் கனமான கல், மற்றொன்றில் கூடை. கல்லைப் பிடித்து இறங்குவான், சிப்பியைக் கூடையில் போடுவான். கொற்கைக் காலந்தொட்டு நம் கரையில் குளியாளிகள் இறங்கியதும் கல்லைக் கட்டித்தான். மன்னார் வளைகுடாவில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. சங்குக்குளி இன்றும் இருக்கிறது. தாத்தா முத்துக்குளித்தார் என்று சொல்லக்கூடிய பிள்ளைகள் இப்போதும் எங்கள் வகுப்பில் வருகிறார்கள். அவர்களுக்கு இந்த நாவலின் இரண்டாம் அத்தியாயத்துக்கு அகராதி வேண்டாம்.

இந்த நாவலில் நான் மிகவும் மதிக்கும் பகுதி கடலில் நடப்பதன்று, கடைத்தெருவில் நடப்பது. முத்து வாங்குபவர்கள் தனித்தனி அறையில், தனித்தனி மேசையில் உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் போட்டியிடுவதுபோல் விலை சொல்வார்கள். உண்மையில் எல்லோரும் ஒரே முதலாளியின் ஆட்கள். கருப்பட்டியோ, வாழைத்தாரோ, பூவோ விற்கப்போன வீட்டுப் பிள்ளைகள் அந்த அத்தியாயத்தை வாசிக்கும்போது முகம் இறுகுவதைக் கண்டிருக்கிறேன். ஸ்டைன்பெக்கின் நடை ஹெமிங்வேயைவிடச் சற்றுக் கடினம். உரையாடல் குறைவு, வருணனை அதிகம். முடிவு மிகத் துயரமானது. அதை முன்கூட்டியே சொல்லித்தான் கொடுப்பேன்.

எல்லாப் பிள்ளைகளும் கடற்கரையிலிருந்து வருவதில்லை. பாபநாசம், சிவசைலம் பக்கம், மலையடிவாரத்து ஊர்களிலிருந்து வருபவர்களுக்குக் கடல் என்பது சுற்றுலாவில் பார்த்தது. அவர்களுக்கு ரஸ்கின் பாண்டின் 'தி ப்ளூ அம்ப்ரெல்லா'. இமயமலையின் கர்வால் பகுதியில், ஒரு மலைக்கிராமத்தில் மாடு மேய்க்கும் பின்யா என்ற சிறுமி, கழுத்தில் அணிந்திருந்த சிறுத்தை நகத்தைக் கொடுத்துவிட்டு, பட்டணத்தாரிடமிருந்து ஒரு நீலக் குடையை வாங்கிக்கொள்கிறாள். அந்தக் குடையின்மேல் ஊர்க் கடைக்காரருக்கு ஆசை வந்துவிடுகிறது. அவ்வளவுதான் கதை. களக்காடு முண்டந்துறைக் காட்டோரத்தில், ஆட்டைச் சிறுத்தை அடித்துவிட்டது என்ற பேச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குச் சிறுத்தை நகம் என்றால் என்ன என்று யார் விளக்க வேண்டும்? ஊருக்கு ஒரே கடை, அங்கே எல்லோருக்கும் கடன் கணக்கு, அந்தக் கடைக்காரரை எல்லோரும் ஒதுக்கிவைத்தால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். ஒரு ஆங்கிலப் பத்தியைக்கூடத் தானாக வாசித்திராத பிள்ளைக்கு இதைவிட நல்ல தொடக்கத்தை நான் கண்டதில்லை. குழந்தைகள் புத்தகம்போல இருக்கிறதே என்று கூச்சப்படுபவர்களுக்கு, புத்தகத்துக்குச் செய்தித்தாளில் அட்டை போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

பாளையங்கோட்டைக்கென்றே எழுதியதுபோல் இருப்பது ஆர்.கே. நாராயணின் 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. 1935இல், எழுத்தாளர் கிரகாம் கிரீனின் முயற்சியால் இங்கிலாந்தில் அச்சேறியது. சுவாமிநாதன் படிப்பது ஆல்பர்ட் மிஷன் பள்ளியில். அங்கே வேதபாடம் நடத்தும் எபனேசரோடு அவனுக்கு மோதல். மிஷன் பள்ளிகள் நிறைந்த இந்த ஊரில் அந்த அத்தியாயத்தை விளக்கத் தேவையே இல்லை. ஏறக்குறைய 200 பக்கம் என்பதால் சிறிய நாவல் என்று முழு மனத்தோடு சொல்லிவிட முடியாது. ஆனால் ஒவ்வொரு அத்தியாயமும் தனிக்கதைபோல நிற்கும். ராமனிடம் பத்து மாம்பழம் இருக்கிறது, பதினைந்து அணாவுக்கு விற்க வேண்டும், கிருஷ்ணனுக்கு நாலு மாம்பழம் போதும், எவ்வளவு கொடுப்பான் என்று அப்பா கணக்குக் கேட்க, மாம்பழம் பழுத்ததா காயா என்று தெரியாமல் எப்படி விலை சொல்வது என்று சுவாமிநாதன் திண்டாடும் பக்கத்தை வகுப்பில் நான் சத்தமாக வாசிப்பதுண்டு. ஆங்கிலத்தில் வாசித்ததற்குத் தமிழ்வழிப் பிள்ளைகள் மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல் சிரிக்கும் அந்தக் கணத்துக்காகவே அந்த நாவலைக் கையில் வைத்திருக்கிறேன்.

ஜார்ஜ் ஆர்வெலின் 'அனிமல் ஃபார்ம்' பற்றி எல்லோரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன், ஆனால் இரண்டாவது புத்தகமாக. 1945இல் வந்த இந்த நாவலின் மொழி கண்ணாடிபோலத் தெளிவானது. சிறிய சொல் போதும் என்ற இடத்தில் பெரிய சொல்லைப் போடாதே என்று அடுத்த ஆண்டே ஒரு கட்டுரையில் விதி எழுதியவர் ஆர்வெல். பஞ்சதந்திரம் கேட்ட பிள்ளைக்கு, பேசும் பன்றியும் குதிரையும் புதிதல்ல. விலங்குகள் பண்ணையை முதலாளியிடமிருந்து கைப்பற்றும் இந்தக் கதைக்குப் பின்னால் ருஷ்யப் புரட்சி இருக்கிறது; அந்த வரலாற்றை முதலிலேயே சொல்லிக் கதையைப் பாடமாக்கிவிடக்கூடாது. வாசித்து முடித்தபின் சொன்னால் போதும். மொழி கற்பவருக்கு இந்த நாவல் தரும் பெரிய கொடை, களஞ்சியச் சுவரில் எழுதிய கட்டளைகள். எந்த விலங்கும் கட்டிலில் உறங்கக்கூடாது என்று முதலில் இருக்கிறது. பன்றிகள் கட்டிலில் உறங்கத் தொடங்கியபின் போய்ப் பார்த்தால், 'வித் ஷீட்ஸ்' என்ற இரண்டு சொற்கள் அதன் கடைசியில் சேர்ந்திருக்கின்றன. விரிப்போடு உறங்கக்கூடாது என்று ஆகிவிடுகிறது. ஒரு வாக்கியத்தின் வாலில் இரண்டு சொல் ஒட்டினால் சட்டமே தலைகீழாகும் என்பதை எந்த இலக்கணப் பயிற்சியும் இவ்வளவு கூர்மையாகக் கற்பிக்காது. ஒரு மாணவி அந்தப் பக்கத்தை வாசித்த வாரத்தில், தன் அண்ணனின் வேலை ஒப்பந்தத்தை எடுத்து வந்து, அதிலுள்ள வாக்கியங்களின் வால்களை என்னோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள்.

சிலவற்றை முதலில் கொடுக்கவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஸ்டைன்பெக்கின் 'ஆஃப் மைஸ் அண்ட் மென்' அருமையான நாவல், 1937. ஆனால் பாத்திரங்கள் பேச்சுவழக்கில் சொற்களைச் சிதைத்துப் பேசுவார்கள், பாடப்புத்தக ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளை எது சரியான எழுத்துக்கூட்டல் என்று குழம்பிவிடும். டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்', 1843, மிஷன் பள்ளிகளின் நாடக மேடைகளால் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தும், வாக்கியங்கள் மூச்சுவாங்க வைக்கும். கதை தெரிந்த துணிச்சலில் சிலர் முடித்துவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

சுருக்கி எழுதிய பதிப்புகளை நான் இழிவாகப் பார்ப்பதில்லை. சொற்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தி, படிப்படியாக வாசிப்புப் புத்தகங்கள் எழுதும் முறையை வளர்த்தெடுத்த மைக்கேல் வெஸ்ட், 1920களில் டாக்காவில் வங்கப் பிள்ளைகளுக்குக் கற்பித்த அனுபவத்திலிருந்துதான் அதைச் செய்தார். பேசுவதற்கு வாய்ப்பில்லாத ஊரில் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே முதல் உதவி என்று அவர் கருதினார். அது இன்றைய நம் ஊர்களுக்கும் பொருந்தும். ஆறேழு சுருக்கப் புத்தகங்களை வாசித்துவிட்டு மூல நூலுக்கு வரட்டும். மூன்று ஆண்டும் சுருக்கத்திலேயே தங்கிவிடுவதுதான் தவறு.

மீனவப் பிள்ளைக்கு மீனவர் கதைதான் என்று அடைத்துவைக்கிறீர்களா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் புத்தகத்துக்கு மட்டுமே இந்தக் கணக்கு. இடிந்தகரைப் பக்கத்து மாணவன் இரண்டாவதாக 'அனிமல் ஃபார்ம்', மூன்றாவதாக சினுவா அச்செபேயின் 'திங்ஸ் ஃபால் அபார்ட்' என்று போனான். ஆப்பிரிக்காவின் இக்போ மக்களைப் பற்றிய நாவல், 1958. பனங்கள்ளும் பழமொழியும் அதில் நிறைந்திருக்கும். மிஷனரிகள் வந்தபின் ஓர் ஊர் இரண்டாகப் பிளவுபடுவதையும் சொல்வது. அதை அவன் தானாகவே நூலகத்தில் தேடி எடுத்தான். தெரிந்த கரையில் நீச்சல் பழகியவனை நெடுநாள் கரையிலேயே பிடித்துவைக்க முடியாது.

வாசிக்கும் முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டு, பென்சிலோடு உட்கார வேண்டும். தெரியாத சொல்லின்கீழ்க் கோடு மட்டும் போட்டுவிட்டுத் தாண்டிப் போக வேண்டும். பத்துப் பக்கம் முடிந்தபின், எந்தச் சொற்கள் திரும்பத் திரும்ப வந்தனவோ அவற்றில் மூன்றை மட்டும் அகராதியில் பார்க்க வேண்டும். மீதியை விட்டுவிடலாம், வேண்டியவை மறுபடி வரும். சனிக்கிழமை வகுப்பில் புத்தகத்தைப் பற்றித் தமிழில் பேச அனுமதிக்கிறேன். ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று விதித்திருந்தால் 'ஃபாஸ்ட்' என்ற சொல்லுக்கு எனக்கு அந்த விளக்கம் கிடைத்திருக்காது. விலையைப் பற்றியும் பயப்பட வேண்டாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் பதிப்புரிமை நீங்கிவிடும்; ஆர்வெல் 1950இலும் ஹெமிங்வே 1961இலும் மறைந்தவர்கள் என்பதால் இருவருடைய நூல்களும் இப்போது மலிவுப் பதிப்புகளில் கிடைக்கின்றன. நெல்லைப் புத்தகத் திருவிழாவில் வாங்கும்போது, இரண்டு பக்கத்தை வாசித்து அச்சுப்பிழை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பிழையான அச்சு, ஊகித்து வாசிக்கும் பிள்ளையை ஏமாற்றிவிடும்.

என் கணக்கு தவறிய இடம் ஒன்றையும் சொல்ல வேண்டும். சென்ற ஆண்டு கடையம் பக்கத்திலிருந்து வரும் ஒரு மாணவி, நான் கொடுத்த 'ப்ளூ அம்ப்ரெல்லா'வை இரண்டே நாளில் முடித்துவிட்டு, கிழவரும் கடலும் கதைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப் போனாள். படகு, பாய், தூண்டில் எதுவும் அறியாத பிள்ளை. நாற்பதாம் பக்கத்தில் நிற்பாள், மாற்றிக் கொடுக்கலாம் என்று எண்ணினேன். நாற்பதாம் பக்கத்தை ஒட்டித்தான் நின்றாள். அவளுடைய அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்கள் மூவரும் சாயங்காலம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். மடியில் தட்டு, தட்டில் வெட்டிய இலையும் தூளும்; பேச்சு நடக்க நடக்க விரல்கள் தாமே உருட்டி, வாயை மடக்கி, நூலைச் சுற்றும். அந்த ஓரத்தில் உட்கார்ந்து அவள் வாசித்துக்கொண்டிருந்தபோது, என்னட்டி அது, எங்களுக்கும் சொல்லேன் என்று அம்மா கேட்டிருக்கிறார். கிழவரின் இடக்கை மரத்துச் சுருண்டு, விரல்களை விரிக்க முடியாமல் போகும் பக்கத்தை அவள் தமிழில் சொன்னாள். நான்கு பெண்களும் சுற்றுவதை நிறுத்திவிட்டார்களாம். ஆயிரம் பீடி சுற்றிய நாளின் இரவில் கை அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் வைத்து ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அத்தை விளக்கினாராம்.

கியூபாவின் தலைநகரான ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதலே, தொழிலாளர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க ஒருவர் மேடையில் அமர்ந்து நாளிதழையும் நாவலையும் வாசித்துக் காட்டும் வழக்கம் உண்டு. வாசிப்பவருக்குக் கூலியைத் தொழிலாளர்களே தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். அந்தக் கியூபாவில் நடக்கும் கதையைத்தான் நீ பீடி சுற்றுபவர்களுக்கு வாசித்திருக்கிறாய் என்று நான் சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை.

அதன்பின் தினமும் சாயங்காலம் பத்துப் பக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. சொல்வதற்காக முன்னால் வாசிக்க வேண்டியதாயிற்று. மீன் எத்தனை அடி, சுறா எத்தனை வந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். கிழவர் கடலில் ஒவ்வொரு இக்கட்டிலும், பையன் கூட இருந்திருக்கலாமே என்று நினைப்பார். பெற்றோர் வேறு படகுக்கு அனுப்பிவிட்ட அந்தப் பையனைத்தான் அவள் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். "அந்தப் பய வந்தானாட்டி?" இன்னும் முப்பது பக்கம் இருந்தபோதும் கேட்டார், பதினைந்து பக்கம் இருந்தபோதும் கேட்டார். தெரியாது என்று சொல்ல இவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலைச் செங்கோட்டை ரயிலில் கீழக்கடையத்தில் ஏறியவள், சேரன்மகாதேவி தாண்டுவதற்குள் மீதிப் பக்கங்களை வாசித்து முடித்துவிட்டாள். பையன் வந்திருந்தான். தூங்கிக்கொண்டிருந்த கிழவரின் கைகளைப் பார்த்துவிட்டு அழுதான். அதை அன்று சாயங்காலம் தாழ்வாரத்தில் எந்த வார்த்தையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வகுப்புக்கு வந்ததாக என்னிடம் சொன்னாள்.